8.5 சதுர மீட்டர் பாய்: கேம் வேண்டுமா, வேண்டாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் எடை 83 கிலோ. அவரிடம் 135 லிட்டர் கொள்ளளவும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிக் காற்றில் ஓட்டும்) பலகையும் 7.0 சதுர மீட்டர் பாயும் இருக்கின்றன. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பல நாள்கள் அந்தப் பாய்க்குக் காற்று போதாததால் 8.5 வாங்க நினைக்கிறார். ஜைப், அதாவது காற்றை முதுகில் வாங்கிப் பலகையைத் திருப்புவது, இன்னும் முழுமையாகக் கைவரவில்லை என்றும், விழுந்தால் பெரும்பாலும் அப்ஹால் கயிற்றைப் பிடித்தே பாயைத் தூக்குவதாகவும் எழுதியிருக்கிறார். கேம் (பாயின் பட்டைகளை மாஸ்ட்டோடு, அதாவது பாய்மரத்தோடு, கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு) இல்லாத பெரிய பாய் வீண் என்று ஒருவரும், கேம் வைத்த பாய் தீராத தொல்லை என்று இன்னொருவரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எதை வாங்குவது?

உங்களுக்கு என் பதில், கேம் இல்லாத 8.5 என்பதுதான். ஆனால் இந்தப் பதில் உங்கள் எடைக்கும் உங்கள் கடலுக்கும் இன்றைய உங்கள் பழக்கத்துக்கும் உரியது. அவற்றில் ஒன்று மாறினாலும் பதில் மாறக்கூடும். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாயின் குறுக்கே ஓடும் விறைப்பான பட்டைகளைப் பேட்டன் என்கிறோம். கேம் இல்லாத பாயில் பேட்டனின் முன்முனை மாஸ்ட்டின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். திசை மாற்றும்போது மாஸ்ட்டைச் சுற்றி மறுபக்கம் நழுவிப் போகும். கேம் வைத்த பாயில் பேட்டனின் முனையில் கவட்டை போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது மாஸ்ட்டின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு பேட்டனை ஒரே வளைவில் பிடித்து வைக்கும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் மாஸ்ட் நுழையும் உறையையும் அகலமாகத் தைப்பார்கள். பாயின் முன்விளிம்பு விமான இறக்கையின் முன்விளிம்பைப்போல உருண்டு, வழவழப்பாக அமைகிறது. காற்றே இல்லாத மணலில் கிடக்கும்போதும் அந்தப் பாய்க்கு வயிறு, அதாவது உப்பிய வளைவு, இருக்கும். கேம் இல்லாத பாய்க்கோ காற்று வந்து நிரப்பினால்தான் வயிறு. இரண்டுக்கும் இடையே நீரில் தெரியும் எல்லா வேறுபாடுகளும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். கேம் வைத்தால் குறைந்த காற்றிலேயே பலகை பிளேனிங்குக்கு ஏறிவிடும், அதாவது நீரைப் பிளந்து போவதை விட்டு நீரின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கிவிடும் என்று நம்பி வாங்குகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. வயிறு ஏற்கெனவே அமைந்திருப்பதால், பூமை, அதாவது பாயின் கைப்பிடிக் கழியை, பிடித்து அசையாமல் நின்றாலும் அந்தப் பாய் இழுக்கத் தொடங்கும். ஆனால் அதே அளவுள்ள கேம் பாய், அகன்ற உறையாலும் கூடுதல் பேட்டன்களாலும் சற்றுக் கூடுதல் கனமாக இருக்கும். நன்றாகப் பம்ப் செய்யத் தெரிந்தவர், அதாவது பூமைத் தாளத்தோடு இழுத்து விட்டு இழுத்துக் காற்றை உருவாக்கத் தெரிந்தவர், லேசான கேம் இல்லாத பாயை வைத்துக்கொண்டு அதே காற்றில் எழுந்துவிடுவார். மென்காற்றில் எழுவதைத் தீர்மானிப்பவை முதலில் பாயின் பரப்பளவு, அடுத்து பலகையின் அகலமும் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்னின் நீளமும், அதற்கடுத்து உங்கள் பம்பிங். கேம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

கேம் தன் விலைக்கு உண்மையில் உழைப்பது இரண்டு இடங்களில். ஒன்று, காற்று திடீரென ஏறும்போது. கேம் இல்லாத பெரிய பாயில் வலுவான வீச்சு வந்து மோதினால் வயிறு பின்னோக்கி நகரும். அதோடு இழுவிசையின் மையமும் பின்னே போகும். உங்கள் பின்கை திடீரெனக் கனக்கும். பாயைத் திறந்துவிட்டால் வேகம் போகும், திறக்காவிட்டால் உடல் இழுபடும். ஹார்னஸ் கயிறுகளை (இடுப்புப் பட்டையைப் பூமோடு மாட்டும் கயிறுகளை) எத்தனை முறை நகர்த்திக் கட்டினாலும் இது தீராது, ஏனென்றால் மையம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. கேம் வைத்த பாயில் முன்பகுதியின் வளைவு பூட்டப்பட்டிருப்பதால் மையம் முன்னாலேயே நிற்கும். வீச்சு வந்தால் இழுவை கூடும், ஆனால் அதே இடத்திலிருந்து கூடும். ஹார்னஸில் தொங்கியபடி அந்த இழுவையை ஓட்டத்தின் வேகமாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று சில நொடிகள் தணியும் இடம். பிளேனிங்கில் பலகையின் வேகம் காற்றின் வேகத்தைத் தாண்டிவிடுவதுண்டு. ஆகவே பாய் உணரும் காற்று முன்னாலிருந்து குறுகிய கோணத்தில் வரும். அந்த நேரத்தில் உண்மைக் காற்று விழுந்தால் கேம் இல்லாத பாய் தட்டையாகி இழுவையை விட்டுவிடும். கேம் வைத்த பாய் வயிற்றை விடாமல் வைத்திருப்பதால் அடுத்த வீச்சு வரும்வரை ஓட்டத்தைத் தாங்கிக் கொண்டுபோகும். பந்தயக்காரர்கள் கேமை விடாததற்கு இதுதான் காரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் விண்ட்சர்ஃபிங் போட்டிகள் மார்செய் கடலில் ஐக்யூஃபாயில் வகையில் (பலகையின் அடியில் ஃபாயில் என்ற இறக்கையைப் பொருத்தி, பலகையை நீருக்கு மேலே தூக்கி ஓட்டும் வகை) நடந்தன. அதில் ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0 சதுர மீட்டர் என ஒரே அளவுப் பாய்தான். காற்று ஏறினாலும் தணிந்தாலும் சின்னப் பாய்க்கு மாற முடியாது. அப்படிப்பட்ட கட்டாயத்தில் பாயின் வடிவம் குலையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவற்றில் கேம் இருக்கிறது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். பழகியவர்கள் பயன்படுத்தும் ஒரு தோராய விதி உண்டு: உடல் எடையைக் கிலோவில் எடுத்து 1.34 ஆல் பெருக்கி, நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவிலான காற்று வேகத்தால் வகுத்தால் பொருத்தமான பாயின் பரப்பளவு கிடைக்கும். உங்களுக்கு அந்தப் பெருக்குத்தொகை ஏறக்குறைய 111. 7.0 பாய் உங்களுக்குச் சரியாக அமைவது 16 நாட் காற்றில், 8.5 அமைவது 13 நாட் காற்றில். அதற்கு ஓரிரு நாட் குறைவாக இருந்தாலும் பம்ப் செய்து எழுந்துவிடலாம். ஆனால் 10 நாட் என்றால் கணக்கு 11 சதுர மீட்டருக்குப் போய்விடும். எனவே 8.5 வாங்கினால் 9, 10 நாட் நாள்களும் கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கேம் இருந்தாலும் வராது. அந்த நாள்களுக்கு உண்மையான விடை ஃபாயில்தான். பலகை நீரைவிட்டு எழுந்துவிடுவதால், உங்களிடம் இருக்கும் 7.0 பாயே அங்கே போதும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பெரிய பாயிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்துப் பின்னர் வருந்த நேராது.

ஈஸ்ட் கோஸ்ட்டின் காற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று, நம் ஊர் மீனவர்கள் வாடை என்று சொல்லும் அதே காற்றின் உறவு, இங்கே பெரும்பாலும் மிதமாகவே வீசுகிறது. கரைக்கு அருகில் நிலத்தைத் தாண்டி வருவதால் ஏற்ற இறக்கம் இருந்தாலும் சற்று வெளியே போனால் சீராகிவிடுகிறது. 8.5 பாய்க்குரிய பருவம் அதுதான். அந்தக் காற்றில் கேமின் முதல் நன்மை, அதாவது பலத்த வீச்சைச் சமாளிப்பது, உங்களுக்கு அடிக்கடி தேவைப்படாது. 16 நாட்டைத் தாண்டினால் 7.0 பாய் கரையில் காத்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். ஒலிம்பிக் வீரருக்கு இல்லாத இந்த வசதி நமக்கு இருக்கிறது. ஒரு பாயின் உச்ச எல்லையை நீட்டுவதற்காகக் கேமுக்குப் பணம் கொடுப்பது, அடுத்த அளவில் சின்னப் பாய் கையில் இல்லாதவருக்கே அதிகம் பொருந்தும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா சூறைக்காற்று வேறு விஷயம். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து வரும் அந்த மழைமேக வரிசையில் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டும்; நாட் கணக்கில் சொன்னால் 22 முதல் 43. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் 12 நாட்டிலிருந்து 17 நாட்டுக்குப் போனாலே பாயின் மேல் விழும் விசை இரட்டிப்பாகிவிடும். 12இலிருந்து 36க்குப் போனால் ஒன்பது மடங்கு. அந்த நேரத்தில் 8.5 பாயை எந்தக் கேமும் காப்பாற்றாது. மேற்கு வானம் கறுத்தால் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மாற்று இல்லை. ஒருவேளை மாட்டிக்கொண்டால் கேம் இல்லாத பாய்க்கு இரக்கம் சற்றுக் கூடுதல், ஏனென்றால் பூமை விட்டுவிட்டால் அது தட்டையாகி வெறுமனே படபடக்கும். கேம் வைத்த பாய் பூமை விட்ட பிறகும் வயிற்றை விடாமல் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் பழக்கம். அப்ஹால் செய்தே எழுவதாகச் சொல்கிறீர்கள். இந்த ஒரு வரிதான் என் பதிலை முடிவு செய்தது. கேம் வைத்த பெரிய பாய் நீரில் விழுந்து ஒரு நிமிடம் கிடந்தால் மாஸ்ட் உறைக்குள் நீர் நிறையும். கயிற்றைப் பிடித்து முழங்காலை மடக்கிப் பின்னே சாய்ந்தால் முதலில் எதுவும் நகராது. பிறகு மாஸ்ட் முனை ஒரு முழம் எழும். உறையின் ஓட்டைகள் வழியே நீர் சரசரவென்று கொட்டும். அது வடிந்து முடியும்வரை அந்தக் கனத்தை உங்கள் இடுப்பு தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பாய் வயிறு மேல்நோக்கி விழுந்திருந்தால் இன்னும் மோசம். கேம் அந்த வளைவைப் பிடித்து வைத்திருப்பதால் பாய் ஒரு பெரிய தாம்பாளமாக நீரை ஏந்திக்கொள்ளும். கேம் இல்லாத பாயோ நீரின் மேல் தட்டையாகக் கிடக்கும். ஒரு ஓரத்தைத் தூக்கினாலே நீர் வழிந்துவிடும். ஒரு மாலையில் பத்து முறை விழுகிறவருக்கு இந்த வேறுபாடு, இரண்டு மணி நேரம் கடலில் இருப்பதா நாற்பது நிமிடத்தில் சோர்ந்து திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும். சிங்கப்பூர் நீரிணையின் நீரோட்டம் சும்மா இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் பாயைத் தூக்கப் போராடும் ஒவ்வொரு நிமிடமும் அது உங்களை ஏதோ ஒரு பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது.

ஜைப்பிலும் இப்படித்தான். பாயைப் புரட்டியதும் கேம் இல்லாத பாயின் பேட்டன்கள் மெல்ல மறுபக்கம் நழுவிவிடும். கேம்களோ மாஸ்ட்டின் குறுக்கே ஒவ்வொன்றாகத் துள்ளி மாற வேண்டும். நல்ல வேகத்தில் காற்று பாயை நிரப்பினால் "டக் டக்" என்று தாமாக மாறிவிடும்; அந்த ஓசை பழகியவர்களுக்கு இனிமையானது. ஆனால் நடுவே வேகம் குறைந்து, காற்றும் மெல்லியதாக இருந்தால் மாறாமல் பழைய பக்கத்திலேயே நிற்கும். பூமை வெடுக்கென்று உலுக்கியாக வேண்டும். ஜைப் இன்னும் படிந்து வராத நிலையில், சமநிலையைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் இந்த உலுக்கல் ஒரு கூடுதல் சுமை.

கேம் பாயைக் கரையில் கட்டுவது பற்றி மக்கள் பயப்படும் அளவுக்குச் சிரமம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாஸ்ட்டை உறைக்குள் நுழைக்கும்போது கேம்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கின்றனவா என்று பார்த்து, டவுன்ஹால் கயிற்றை (பாயை மாஸ்ட்டின் அடியை நோக்கி இழுக்கும் கயிற்றை) பெரும்பகுதி இழுத்துவிட்டுச் சில சென்டிமீட்டர் மீதம் வைத்து, உறையின் ஜிப்பைத் திறந்து ஒவ்வொரு கேமையும் உள்ளங்கையால் மாஸ்ட்டின் மேல் அழுத்தி ஏற்றி, பிறகு மீதியை இழுக்க வேண்டும். பழகிவிட்டால் ஐந்து நிமிடக் கூடுதல் வேலை. பூமுக்குச் சற்று மேலே உள்ள கேம்தான் பிடிவாதம் பிடிக்கும். அதை ஏற்றும்போது விரலைக் கேமுக்கும் மாஸ்ட்டுக்கும் நடுவே விட்டுவிடாதீர்கள்.

கேமைவிட முக்கியமான ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று கேம் வைத்த 9 சதுர மீட்டர் பாய் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினேன். விற்றவர் "உங்கள் மாஸ்ட்டே போதும்" என்று சொன்னதை நம்பினேன். ஒரு பருவம் முழுவதும் கேம்கள் மாறவே மறுத்தன. நடுக்கேம் வாரம் ஒருமுறை கழன்று உறைக்குள் தொங்கியது. பேட்டனைத் தளர்த்தினேன், இறுக்கினேன், சிலிக்கான் தெளித்தேன். கேம் என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டியிருந்தேன். பிறகு ஒரு நாள் அந்தப் பாய்க்கு உரிய வளைவுள்ள 490 சென்டிமீட்டர் மாஸ்ட்டை நண்பரிடம் இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தபோது மூன்று கேம்களும் ஒரே தட்டில் மாறின. குற்றம் கேமில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பாயை ஒரு குறிப்பிட்ட வளைவுக்காக வெட்டுகிறது: மேல்முனை விறைப்பான மாஸ்ட், சீராக வளைவது, மேல்முனை நெகிழ்வது என்று வகைகள் இருக்கின்றன. நீளத்துக்கேற்ற விறைப்பு எண்ணும் உண்டு. பொதுவாக 460 மாஸ்ட்டுக்கு 25, 490க்கு 29. கேம் இல்லாத பாய் மாஸ்ட் சற்றுப் பொருந்தாவிட்டாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேம் வைத்த பாய் பொறுக்காது. ஆகவே கேம் பாயின் விலையைக் கேட்கும்போது அதற்குரிய மாஸ்ட்டின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். 8.5 பாய்க்குரிய மாஸ்ட்டில் கார்பன் குறைந்தபட்சம் 75 விழுக்காடாவது இருக்கட்டும். பெரிய பாயில் மேல்முனையின் கனம் கைக்கு உடனே தெரியும்.

பந்தயக்காரர்கள் ஒரு பருவம் ஓட்டிவிட்டு விற்கும் ஸ்லாலம் பாய்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். மினுமினுப்பான அந்தப் பாய்களைப் பார்த்தால் ஆசை வரும். நான்கு கேம், மிக அகன்ற உறை, முழுக் கார்பன் மாஸ்ட் கேட்கும் வெட்டு, நம் வெயிலில் விரைவில் நொறுங்கிப்போகும் ஒளிபுகும் படலம் ஆகியவை சேர்ந்த பொருள் அது. உங்கள் நிலையில் அதைத் தொட வேண்டாம்.

நல்ல கேம் இல்லாத பெரிய பாய்கள் இன்று பல இருக்கின்றன. செவர்ன் நிறுவனத்தின் என்சிஎக்ஸ், எஸ்ஸியின் சீட்டா, லாஃப்ட் நிறுவனத்தின் ஆக்ஸிஜன், செயில்வொர்க்ஸின் ரெட்ரோ ஆகியவை அந்த வகை. அவற்றை வெட்டும் முறையும், மேல்பகுதியைத் தளர விட்டு வீச்சை வழியவிடும் உத்தியும் தேர்ந்துவிட்டதால், 8.5 அளவு வரை அவற்றின் நிலைத்தன்மை பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் 9 சதுர மீட்டரைத் தாண்டினால் என் கருத்து மாறும். அங்கே பேட்டன்கள் மிக நீளமாகிவிடுவதால் கேம் இல்லாமல் வடிவத்தைப் பிடித்து வைப்பது கடினம். அந்த அளவில் குறைந்தது இரண்டு கேமாவது வேண்டும். உங்கள் எடை 95 கிலோவாக இருந்து 9.5 கேட்டிருந்தால் கேம் வைத்ததையே சொல்லியிருப்பேன். வாட்டர்ஸ்டார்ட் (நீரில் கிடந்தபடியே பாயில் காற்றைப் பிடித்துப் பலகைமேல் எழுவது) தவறாமல் வந்து, ஜைப்பில் பாதிக்கு மேல் விழாமல் முடித்து, நேர்கோட்டில் வேகமாக ஓடுவதே மகிழ்ச்சி என்ற நிலைக்கு வந்த பிறகு நீங்கள் கேட்டால், அப்போதும் எஸ்ஸியின் லயன், லாஃப்டின் ஸ்விட்ச்பிளேட் போன்ற கேம் வைத்த பொழுதுபோக்குப் பாய்களைப் பார்க்கச் சொல்வேன். பந்தயப் பாயின் நிலைத்தன்மையில் பெரும்பகுதியை அவை தரும். அதன் முரட்டுத்தனம் இருக்காது.

எதை வாங்கினாலும் டவுன்ஹாலைத் தயங்காமல் இழுங்கள். பெரிய பாயில் மிகப் பொதுவான தவறு இதைப் போதிய அளவு இழுக்காததுதான். பாயை மணலில் விரித்து வைத்தால் மேலிருந்து இரண்டாவது பேட்டன் வரைக்குமாவது பின்விளிம்பு தொளதொளவென்று இருக்க வேண்டும்; புதிதாகக் கற்பவருக்கு அது தவறுபோலத் தோன்றும், ஆனால் வீச்சு வரும்போது காற்று வழிந்து போவது அந்த வழியாகத்தான். கேம் இல்லாத பாய் வீச்சில் தடுமாறுகிறது என்று புலம்புகிறவர்களில் பலருடைய பாயை நான் கரையில் பார்த்திருக்கிறேன். பின்விளிம்பு மேளத்தோல்போல இறுகியிருக்கும். இன்னும் மூன்று சென்டிமீட்டர் இழுத்துக் கட்டித் திருப்பி அனுப்பியதும் பாதிப் புலம்பல் நின்றுவிடும். கையால் இழுக்க முடியாவிட்டால் டவுன்ஹால் கைப்பிடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுக்கும் அது நல்லது. பேட்டன்களை, அவற்றின் உறையோரச் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். உங்கள் பலகைக்கு 46 முதல் 50 சென்டிமீட்டர் ஃபின் இல்லை என்றால் அதையும் பாயோடு சேர்த்தே வாங்குங்கள், 7.0க்குப் போதுமான சின்ன ஃபின்னின் மேல் 8.5 பாயை ஏற்றினால் பலகை பக்கவாட்டில் நழுவும், நீங்களோ பாயைக் குறை சொல்வீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் பாயை உங்கள் சொந்த மாஸ்ட்டிலேயே கட்டிப் பார்க்கக் கேளுங்கள். டவுன்ஹாலை அச்சிட்ட அளவு வரை இழுத்தபின் மாஸ்ட்டின் அடியைப் பிடித்துப் பாயை நிமிர்த்தி, ஒரு கையால் பூமை இருபுறமும் மாற்றி மாற்றித் தள்ளுங்கள். பேட்டன்கள் முரண்டு பிடிக்காமல் மறுபக்கம் போகின்றனவா, பூமுக்கு மேலே உள்ள பேட்டனின் முனை மாஸ்ட்டைத் தாண்டி அளவுக்கு மீறித் துருத்துகிறதா என்று பாருங்கள். பேட்டனின் முனை மாஸ்ட்டின் பாதி அகலத்தைத் தாண்டி முன்னே வராமல் இருந்தால் அந்தப் பாயும் உங்கள் மாஸ்ட்டும் ஒத்துப்போகின்றன; வாங்கலாம்.